துச்சாதனன் கேட்கும் மன்னிப்பு

ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தை நடிக்க முயலும் நடிகர்களைப் பற்றி அல் பசீனோ 1996இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 'லுக்கிங் ஃபார் ரிச்சர்ட்' என்பது அதன் பெயர். நடிகர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொரு வரிக்கும் பொருள் தேடிச் சண்டையிடுகின்றனர். பசீனோ நியூயார்க் தெருவில் இறங்கி, போவோர் வருவோரிடம் ஷேக்ஸ்பியரைப் பற்றிக் கேட்கிறார். பெரும்பாலோருக்கு அந்த நாடகம் அந்நியமாகிவிட்டது. அதை மீட்டெடுக்கும் ஏக்கமே படத்தின் உயிர்.

அப்படத்தைப் பார்த்தபின் நமக்கு எழுந்த கேள்வி இது: நம் செவ்வியல் கதையை மேடையேற்றும் நம் நடிகர்களை யார் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள்?

விடை முற்றிலும் இல்லை என்பதல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், செஞ்சியை அடுத்த மேலச்சேரியை மூலத்தலமாகக் கொண்ட திரௌபதியம்மன் வழிபாட்டை விரிவாக ஆராய்ந்தார். 1988லும் 1991லும் இரு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. 'செஞ்சியின் நாயகி' என்று பொருள்படும் தலைப்பில் 1988இல் ஒரு படமும் வந்தது. 1990இல் ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்தின் பாரத அரங்கைப் பற்றி நூல் எழுதினார். பின்னர் 2010களின் தொடக்கத்தில் சசிகாந்த் அனந்தாச்சாரி, வட தமிழகத்துத் திரௌபதியம்மன் விழாக்களையும் அவற்றின் கூத்தையும் 'கேளாய் திரௌபதாய்' என்ற ஆவணப்படமாக்கினார்.

இவ்விழாக்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைப்பார்; இரவில் அதே கதை விடியவிடியக் கூத்தாகும். அர்ச்சுனன் தபசுக்கு நடிகர் உயர்ந்த தபசுமரத்தில் ஏறுவார். பதினெட்டாம் போரின் காலையில் துரியோதனன் மண்ணுருவாய்ப் படுகளத்தில் கிடப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். தீமிதியோடு விழா நிறையும்.

இவற்றுள் நாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது துகிலுரிதல் இரவை. துச்சாதனன் வேடமிட்டவர் திரௌபதியின் துகிலில் கைவைக்குமுன் வேடத்திலிருந்து விலகி நிற்கிறார். கற்பூரம் ஏற்றப்படுகிறது. தாம் வேடக்காரரே என்றும், கதைக்காகவே இதைச் செய்யப்போவதாகவும் அம்மனிடம் மன்னிப்பு வேண்டுகிறார். பிறகே கொடுமை நடக்கிறது. ஆவேசம் வந்து நடிகர் மயங்கி விழுவதும் உண்டு.

பசீனோவின் நடிகர்கள் ஒத்திகை மேசையில் செய்வதை இவர் ஊர் நடுவே, ஆட்டத்தின் உள்ளேயே செய்கிறார் என்பது நம் கருத்து. 'இப்பாத்திரத்துக்கும் எனக்கும் என்ன உறவு? இக்கொடுமையை நான் எவ்வளவு தூரம் நடிக்கலாம்?' என்பவையே வியாக்கியானத்தின் மூலக் கேள்விகள். அவற்றை எழுப்பக் கேமரா வரவேண்டியிருக்கவில்லை. கட்டியக்காரனும் அப்படியே: அரசனை அறிமுகப்படுத்திக்கொண்டே கேலி செய்து, பழங்கதையை இன்றைய ஊர்க் கதையோடு பிணைக்கும் உரையாசிரியன் அவன். கூத்தர் மரபை ஒப்பிப்பவர், பொருள் காண்பவர் படித்தவர் என்ற நம் வகுப்பறைப் பிரிவினை இங்கே நிற்காது. நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைக் கண்ட ந. முத்துசாமி, கூத்தை நாட்டுப்புறப் பொருளாகக் கருதாமல் தமிழரின் அரங்காகவே கண்டார். 1977இல் பிறந்த கூத்துப்பட்டறைக்கு அந்த அறிதல் அடிப்படையாயிற்று.

நாம் கற்பிப்பது ஆவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில். பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகியவை ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்களாய் இருந்தவை. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை வந்தது. 1960களில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. அறுவடை முடிந்து ஓய்ந்த உடல்களுக்கென அமைந்த இரவுக் கூத்து, காலை ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதும் ஊரில் எப்படி நடக்கும்? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கின்றன. விழா நாட்களுக்கான தளர்வும் நள்ளிரவோடு முடிகிறது. நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் அவ்விதி தேவை என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் நள்ளிரவில் முடியும் பாரதத்தில் விடியலின் படுகளத்துக்கு வழியேது?

அழிவு மட்டுமே வரலாறு என்றும் சொல்வதற்கில்லை. காஞ்சிபுரம் வட்டாரக் கலைஞர்கள் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தனர். 2002இல் தொடங்கிய அதன் குருகுலத்தில், ஆண்களே ஆடிவந்த கலையைப் பெண்பிள்ளைகளும் கற்றனர். துகிலுரிதலின் பொருளை இனிப் பெண்ணுடலும் சொல்லும் என்ற நிலை அங்கே உருவாயிற்று. அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்கே கற்றவர்கள் இருக்கிறார்கள்.

செஞ்சிக்கும் காஞ்சிக்கும் கிடைத்த ஆவணம் நம் புறநகருக்கு வாய்க்கவில்லை. நம் வகுப்பில் பாஞ்சாலி சபதம் படிக்கும் மாணவர் சிலரின் தாத்தாக்கள் விடியும்வரை விழித்திருந்து இக்கூத்தைக் கண்டவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவருமாறு இவ்வாண்டு மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம். பசீனோ தெருவில் இறங்கியபோது நாடகத்தை அறிந்தவர் சிலரே கிடைத்தனர். நம் தெருவில் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.