திருமயம் பாறையிலிருந்து ஸ்நாப்ஷாட் வரை: பழசை அழிக்காம எழுதுறது எப்படி?

இன்னைக்கு எபிசோடு கம்ப்யூட்டர் ஸ்டோரேஜ் பத்தி. ஆனா தொடங்கப்போறது புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்கிற ரெண்டு பாறையில.

முதல் பாறை குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோவிலை ஒட்டி, கிரந்த எழுத்தில் ஒரு பெரிய இசைக் கல்வெட்டு இருக்கு. எழுத்தின் வடிவத்தை வச்சு ஏழாம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. ஏழு ராகங்களுக்கான சுரவரிசைகளை இன்னைக்கும் அங்கே போய்ப் பார்க்கலாம்.

ரெண்டாவது பாறை திருமயம், சத்தியகிரீசுவரர் குடைவரை. அங்கேயும் இதே மாதிரி ஒரு இசைக் கல்வெட்டு இருந்துச்சு. 13ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் சிவன் கோவிலுக்கும் பெருமாள் கோவிலுக்கும் நடந்த தகராறு தீர்ந்தது. அந்தத் தீர்ப்பைப் பொறிச்சப்போ பழைய எழுத்து அழிஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கிறது சில துண்டுகள்தான்.

தீர்ப்பும் முக்கியமான ஆவணம்தான். ஆனா புதுசை எழுத, பழசு இருந்த இடத்தையே எடுத்துக்கிட்டாங்க. அதுதான் இழப்பு.

இடத்தை மாத்தி எழுதின கதை

பழைய யுனிக்ஸ் ஃபைல் சிஸ்டங்கள் பெரும்பாலும் திருமயம் மாதிரிதான். ஒரு ஃபைலில் ஒரு பகுதியை மாத்தினா, டிஸ்க்கில் அதே பிளாக் மேலேயே புதுசு எழுதப்படும். பழசு போயிடும்.

1990களின் தொடக்கத்தில் நெட்ஆப் நிறுவனத்தின் டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூணு பேரும் 'வாஃபிள்'னு ஒரு ஃபைல் சிஸ்டம் செஞ்சாங்க. மாற்றம் வந்தா காலியா இருக்கிற வேற பிளாக்கில் எழுது, பழசைத் தொடாதே. இதுக்குத்தான் 'காப்பி-ஆன்-ரைட்'னு பேரு. 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ அரென்ஸும் தொடங்கின இசட்எஃப்எஸ், 2005-ல் ஓப்பன் சோலாரிஸ் மூலமா வெளியே வந்து, 2008-ல் ஃப்ரீபிஎஸ்டிக்குள்ள போச்சு. லினக்ஸுக்கு 2007-ல் கிறிஸ் மேசன் பிடிஆர்எஃப்எஸ்ஸை ஆரம்பிச்சார்.

இவற்றில் ஸ்நாப்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும், எடுக்கும்போது இடமும் பெருசா ஆகாது. ஏன்னா எதையும் காப்பி பண்றதில்லை. "இந்த பிளாக்குகளை அழிக்கமாட்டேன்"னு ஒரு வாக்கு கொடுக்குது, அவ்வளவுதான். பின்னாடி வர்ற தலைவலிகளில் பாதி, அந்த வாக்கை அது காப்பாத்துறதால வர்றது.

டெலீட் பண்ணியும் இடம் வரலையா?

டிஸ்க் நிரம்பிடுச்சு. 50 ஜிபி வீடியோவை அழிக்கிறீங்க. ஒரு எம்பி கூட காலி ஆகலை. நீங்க எடுத்தது ஃபைலோட பேரை மட்டும்தான். பழைய ஸ்நாப்ஷாட் அந்த பிளாக்குகளைப் பிடிச்சு வச்சிருக்கு.

சரி, ஸ்நாப்ஷாட் பட்டியலைப் பார்த்தா இன்னொரு குழப்பம். இசட்எஃப்எஸ்ஸில் ஒவ்வொண்ணுக்கும் நேரா 'யூஸ்டு'ன்னு சில எம்பிதான் காட்டும். காரணம், அந்த ஒரு ஸ்நாப்ஷாட் மட்டுமே பிடிச்சிருக்கிற பிளாக்குகளைத்தான் அது கணக்குல எடுக்கும். ரெண்டு ஸ்நாப்ஷாட்டுக்குப் பொதுவா இருக்கிறது எந்தக் கணக்கிலும் வராது. அதனால தனித்தனியா பார்க்காதீங்க. ஸ்நாப்ஷாட்டுகள் மொத்தமா எவ்வளவு பிடிச்சிருக்குன்னு முதல்ல பாருங்க. இதிலிருந்து இதுவரைன்னு ஒரு வரிசையை அழிச்சா எவ்வளவு கிடைக்கும்னு, அழிக்காமலே ஒத்திகை பார்க்கவும் வழி இருக்கு. சிலது "பிஸி"ன்னு அழிய மறுத்தா, யாரோ அதுக்கு 'ஹோல்டு' போட்டிருக்காங்களான்னு பாருங்க.

லினக்ஸின் பழைய பாணி எல்விஎம் ஸ்நாப்ஷாட் வேற ரகம். அதுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கணும். அந்த இடம் நிரம்பினா ஸ்நாப்ஷாட்டே செல்லாமப் போயிடும்.

இருக்குன்னு நினைச்ச பேக்கப்

இதைவிட ஆபத்தானது, சத்தமே இல்லாம வர்ற பிரச்சினை. 2017 ஜனவரி 31 அன்னைக்கு கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், வேற சர்வர்னு நினைச்சு முக்கிய டேட்டாபேஸ் சர்வரிலேயே டேட்டாவை அழிச்சார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சினது 4.5 ஜிபி.

பேக்கப்பைத் தேடினா, தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. மென்பொருள் பதிப்பு பொருந்தாம அது தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துப்போச்சுன்னு சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரலை. அசூர் டிஸ்க் ஸ்நாப்ஷாட், டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. காப்பாத்தினது, சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வேற வேலைக்காகக் கையால எடுத்து, இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோன ஒரு எல்விஎம் ஸ்நாப்ஷாட். அந்த ஆறு மணி நேரத்து டேட்டாபேஸ் மாற்றங்கள் திரும்பி வரலை.

ஸ்நாப்ஷாட் அதே டிஸ்க்கில் இருக்கிற வரை, டிஸ்க் போனா அதுவும் போகும். வேற இடத்துக்குப் போன பிரதிதான் பேக்கப். அதையும் ஒரு தடவை திருப்பி எடுத்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

ராஜராஜன் காலத்து ரீஸ்டோர்

இதை நம்ம ஊர்ல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்காங்க. அரியலூர் மாவட்டம் திருமழபாடியில், முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் பழைய விமானத்தைப் பிரிச்சுக் கட்டச் சொன்னார். அதுக்கு முன்னாடி சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னார். அவர் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை மறுபடி கல்லில் ஏறின.

கல்லிலிருந்து ஏட்டுக்கு, ஏட்டிலிருந்து திரும்பக் கல்லுக்கு. அந்த ரெண்டாவது பாதியை நாமதான் பெரும்பாலும் செய்யறதில்லை. இந்த வாரம் உங்க ஸ்நாப்ஷாட்டிலிருந்து ஒரே ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்து, திறந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.