அரசு நிறுவன போர்டில் ‘வெளி ஆள்’ எதற்கு? குமரி மணல் ஆலை முதல் லண்டன் வரை... சுயேச்சை இயக்குநர்கள் பற்றி முழு விளக்கம்!

கன்னியாகுமரி மாவட்டம் இராஜாக்கமங்கலத்தில் இருந்து கடற்கரையை ஒட்டி மேற்கே போனால் மணவாளக்குறிச்சி. அங்கேதான் ஐஆர்இஎல் மணல் ஆலை இருக்கிறது. 1950ல் ‘இந்தியன் ரேர் எர்த்ஸ்’ என்ற பெயரில் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், இப்போது மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. கடற்கரை மணலில் இருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் போன்ற கனிமங்களைப் பிரித்தெடுப்பதுதான் வேலை.

எங்கே மண் எடுப்பது, எவ்வளவு செலவு செய்வது, சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன செய்வது... இதையெல்லாம் முடிவு செய்வது யார்? நிறுவனத்தின் இயக்குநர் குழு, அதாவது போர்டு. அந்த போர்டில் அதிகாரிகள் மட்டும் இருந்தால் போதாது, அரசுக்கும் நிர்வாகத்துக்கும் சம்பந்தமில்லாத சிலரும் உட்கார வேண்டும் என்கிறது விதி. அவர்கள்தான் சுயேச்சை இயக்குநர்கள். யார் இவங்க? என்ன அதிகாரம்? பார்ப்போம்.

போர்டில் யார் யார் இருப்பார்கள்?

மத்திய அரசு நிறுவனங்களின் போர்டில் மூன்று வகையான ஆட்கள் இருப்பார்கள்.

• முழுநேர இயக்குநர்கள்: தலைவர் மற்றும் மேலாண் இயக்குநர், நிதி இயக்குநர், தொழில்நுட்ப இயக்குநர் போன்றவர்கள். நிறுவனத்தில் சம்பளம் வாங்கி தினமும் நிர்வாகம் செய்பவர்கள்.

• அரசு நியமன இயக்குநர்கள்: துறையின் சார்பில் வரும் அதிகாரிகள். அதிகபட்சம் 2 பேர்.

• சுயேச்சை இயக்குநர்கள்: அன்றாட நிர்வாகத்தில் தலையிட மாட்டார்கள். கூட்டத்துக்கு வந்து கணக்கையும் திட்டத்தையும் பார்த்து கேள்வி கேட்பதுதான் இவர்கள் வேலை.

எத்தனை பேர் இருக்க வேண்டும்?

மத்திய அரசு நிறுவனங்களுக்கான 2010ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம் என்றால் போர்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும். பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்து, தலைவரே நிர்வாகத்தையும் கவனிப்பவர் என்றால் பாதிப் பேர் சுயேச்சையாக இருக்க வேண்டும்.

‘வெளி ஆள்’ என்றால் எவ்வளவு வெளியே?

நிறுவனங்கள் சட்டம் 2013ன் 149வது பிரிவு இதற்கு வரையறை சொல்கிறது. நிறுவனத்தைத் தொடங்கியவர்களுக்கோ மற்ற இயக்குநர்களுக்கோ உறவினராக இருக்கக் கூடாது. முந்தைய 3 நிதியாண்டுகளில் அங்கே ஊழியராகவோ உயர் பொறுப்பிலோ இருந்திருக்கக் கூடாது. குடும்பத்தோடு சேர்த்து 2 சதவீதம் அல்லது அதற்கு மேல் வாக்குரிமை வைத்திருக்கக் கூடாது. ‘நான் சுயேச்சையானவன்தான்’ என்று ஒவ்வொரு ஆண்டும் எழுதியும் கொடுக்க வேண்டும்.

என்ன அதிகாரம் இருக்கு?

முதலாவது, தணிக்கைக் குழு. இதில் குறைந்தது 3 இயக்குநர்கள் வேண்டும், பெரும்பான்மையினர் சுயேச்சையாக இருக்க வேண்டும். கணக்கு வழக்கு போர்டுக்குப் போவதற்கு முன் இவர்கள் கண்ணைத் தாண்டித்தான் போகும்.

இரண்டாவது, சமூகப் பொறுப்பு நிதிக் குழு. சட்டம் சொல்லும் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கூடமா, குடிநீரா, மருத்துவ உதவியா என்று பரிந்துரைக்கும் அந்தக் குழுவில் ஒரு சுயேச்சை இயக்குநராவது இருப்பார்.

மூன்றாவது, தனிக் கூட்டம். தலைவரும் அதிகாரிகளும் இல்லாமல் சுயேச்சை இயக்குநர்கள் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடிப் பேச வேண்டும்.

நான்காவது, பலருக்கும் தெரியாத முக்கியமான ஒன்று. ஒரு முடிவில் இவருக்கு உடன்பாடு இல்லை, போர்டும் அதைச் சரிசெய்யவில்லை என்றால், ‘என் ஆட்சேபனையை கூட்டக் குறிப்பில் எழுதுங்க’ என்று வலியுறுத்த வேண்டும். இது சட்டத்தின் 4வது அட்டவணையில் உள்ள கடமை. ஓட்டெடுப்பில் தோற்றாலும் அந்த எழுத்து பதிவேட்டில் நிற்கும். நாளைக்கு விசாரணை என்று வந்தால் அதுதான் சாட்சி.

சம்பளம் உண்டா? மாட்டினால் என்ன ஆகும்?

மாதச் சம்பளம் கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் அமர்வுக் கட்டணம் உண்டு. சட்டப்படி ஒரு கூட்டத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். ஒரு பதவிக்காலம் 5 ஆண்டுகள் வரை இருக்கலாம். ஆனால் மத்திய அரசு நிறுவனங்களில் வழக்கமாக 3 ஆண்டுகளுக்குத்தான் நியமிக்கிறார்கள். தொடர்ந்து 12 மாதங்கள் எந்த போர்டு கூட்டத்துக்குமே வராவிட்டால் பதவி போய்விடும்.

நிறுவனத்தில் நடக்கும் எல்லாத் தவறுக்கும் இவர் பொறுப்பல்ல. தெரிந்தே சம்மதித்தாலோ, போர்டில் பேசப்பட்ட விஷயத்தில் அக்கறையில்லாமல் இருந்தாலோதான் பொறுப்பேற்க வேண்டிவரும்.

சிக்கல் எங்கே?

கேள்வி கேட்க வேண்டியவரை நியமிப்பது யார் என்பதில்தான் சிக்கல். தனியார் நிறுவனத்தில் ஒருவர் நேர்மையானவர், அனுபவம் உள்ளவர் என்று போர்டு கருத வேண்டும். அரசு நிறுவனத்தில் அதை முடிவு செய்வது, அந்த நிறுவனத்தை நடத்தும் அமைச்சகமோ துறையோதான். 2015 ஜூன் 5ல் வெளியான அறிவிக்கை இப்படி மாற்றியது. நிறுவனத்தோடு பணத் தொடர்பு இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அரசு நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று அதே அறிவிக்கை விலக்கு தந்தது. அதாவது முதலாளியும் துறைதான், ‘இவர் வெளி ஆள்’ என்று சான்று தருவதும் துறைதான்.

இன்னொரு சிக்கல், காலி நாற்காலி. இந்தியன் ஆயில், ஓஎன்ஜிசி, கெயில் போன்ற பெரிய நிறுவனங்களுக்கே போதிய சுயேச்சை இயக்குநர்கள் இல்லை என்று பங்குச்சந்தைகள் அபராதம் போட்டிருக்கின்றன. ‘நியமனம் அரசு கையில் இருக்கு, நாங்க என்ன செய்ய முடியும்?’ என்பதுதான் அந்த நிறுவனங்கள் தந்த பதிலின் சாரம். பட்டியலிடப்படாத நிறுவனம் என்றால் இப்படி அபராதம் போடவும் பங்குச்சந்தை இல்லை.

குமரி கடற்கரைக்கு இது ஏன் முக்கியம்?

கடற்கரை மணல் கனிமங்களை எடுப்பதில் 2019க்குப் பிறகு தனியாருக்கு இடமில்லை. அரசும் அரசு நிறுவனங்களும் மட்டுமே எடுக்கலாம். கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஐஆர்இஎல் திட்டமிட்டது. இதற்காக 2024 அக்டோபர் 1ஆம் தேதி பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், மீனவர்கள் உள்ளிட்டோரின் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது.

2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமம் மற்றும் முக்கியக் கனிமச் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பில் இருந்து விலக்கு அளித்தது. நாட்டின் பாதுகாப்பும் தேவையும் காரணமாகச் சொல்லப்பட்டன. விலக்கை ரத்து செய்யக் கோரி முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

கடல் அரிப்பு, கதிர்வீச்சு பற்றிய பயம், மீன்பிடித் தொழில் ஆகியவற்றை மக்கள் நேரடியாகக் கேட்கும் மேடை கருத்துக்கேட்புக் கூட்டம். அந்த மேடை இல்லாமல் போனால், அதிகாரிகள் அல்லாத ஒருவர் இதே கேள்விகளைக் கேட்கக்கூடிய இடம் போர்டு அறை. ஆனால் சுயேச்சை இயக்குநர் மக்கள் பிரதிநிதி அல்ல. ஊர் மக்கள் அவரைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. எனவே கருத்துக்கேட்புக்கு அவர் மாற்று ஆக முடியாது.

துறைகளுக்கே இப்படி போர்டு உண்டா?

இந்தியாவில் துறையின் கீழ் உள்ள நிறுவனங்களுக்குத்தான் இந்த ஏற்பாடு. துறை அளவில் இதற்கு நெருக்கமானது ரயில்வே வாரியம். 2019 டிசம்பரில் அதை மாற்றியமைக்க ஒப்புதல் தந்த மத்திய அமைச்சரவை, தலைவர், 4 உறுப்பினர்களோடு, தொழில், நிதி, மேலாண்மையில் 30 ஆண்டு அனுபவமுள்ள சில சுயேச்சை உறுப்பினர்களும் இருப்பார்கள் என்று அறிவித்தது.

பிரிட்டனில் அமைச்சகங்களுக்கே போர்டு உண்டு. அமைச்சர் தலைமையில் அதிகாரிகளும் வெளி ஆட்களும் உட்காருவார்கள். 2010ல் இந்த முறை வலுப்படுத்தப்பட்டபோது, பிபி எண்ணெய் நிறுவனத்தின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ஜான் பிரவுன் அரசு முழுவதற்குமான முதன்மை வெளி இயக்குநராக நியமிக்கப்பட்டார். அங்கேயும் பிரச்சினை வந்தது. 2021ல் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் பதவி விலகியபோது, அவருக்கு நெருக்கமானவரே அந்தத் துறை போர்டில் வெளி இயக்குநராக இருந்தது பெரிய சர்ச்சையானது. யார் நியமிப்பது என்ற கேள்வி அங்கேயும் அதேதான்.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

• அரசு நிறுவனங்களின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படும், நிறுவன இணையதளத்திலும் கிடைக்கும். சுயேச்சை இயக்குநர்கள் எத்தனை பேர், எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள் என்பதைப் பாருங்கள்.

• சமூகப் பொறுப்பு நிதி எந்த ஊருக்கு, எந்த வேலைக்குப் போனது என்ற விவரமும் அதில் இருக்கும். உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

• விவரம் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு செய்யலாம். வணிக ரகசியம் என்று மறுக்கப்பட்டால், பொதுநலன் இருப்பதைக் காட்டி மேல்முறையீடு செய்ய வழி உண்டு.

போர்டில் வெளி ஆள் இருக்கிறாரா என்பது முதல் கேள்வி. அவர் வாயைத் திறந்தாரா என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்விக்கான பதில் ஆண்டறிக்கையில் இருக்கும். இரண்டாவதற்கான பதிலை கூட்டக் குறிப்பில்தான் தேட வேண்டும்.