வரப்பில் நிற்கும் கேமரா: அட்டைப்படமும் காவிரி டெல்டாவின் உடல்களும்

1994 ஜூன் 27ஆம் தேதியிட்ட 'டைம்', 'நியூஸ்வீக்' ஆகிய இரண்டு அமெரிக்க வார இதழ்களும் ஒரே புகைப்படத்தை அட்டையில் வெளியிட்டன. கொலைக் குற்றச்சாட்டில் கைதான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனைக் காவல்துறை எடுத்த படம் அது. நியூஸ்வீக் அதை உள்ளபடியே அச்சிட்டது. டைம் இதழுக்காக ஓவியர் மாட் மஹூரின் அந்த முகத்தை மேலும் கறுப்பாக்கி, சுற்றிலும் நிழலைக் கூட்டியிருந்தார். கடைகளில் இரண்டு இதழ்களும் அருகருகே இருந்ததால் வேறுபாடு எவர் கண்ணுக்கும் தப்பவில்லை. கண்டனம் கிளம்பியது. இன உள்நோக்கம் ஏதும் இல்லை என்று டைம் ஆசிரியர் அடுத்த இதழில் விளக்கம் எழுதினார்.

அவர் சொன்னதை நம்பலாம். ஆனால் நோக்கம் இருந்ததா இல்லையா என்ற விசாரணை அட்டைப்பட ஆய்வை எங்கும் கொண்டுசேர்ப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் முதல் நிலைப்பாடு. ஒரு படம் எந்த முந்தைய படங்களின் வரிசையில் போய் நிற்கிறது, எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, அதில் இருப்பவரிடமிருந்து எதைப் பறித்தது ஆகிய கேள்விகளே பயன் தருவன. இக்கேள்விகளைத் தஞ்சை மண்ணில் வைத்துக் கேட்க விரும்புகிறேன். இங்கே அவற்றுக்கு 200 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

அட்டைக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. உள்பக்கத்தில் வரும் படத்தின் கீழே ஆளின் பெயர், ஊர், சூழல் ஆகியவற்றைச் சொல்லும் குறிப்பு இருக்கும். அட்டையில் தலைப்பு மட்டுமே இருக்கும். நட்சத்திரங்களை விட்டுவிட்டால், அட்டையில் வரும் மனிதர் தம் பெயரை இழந்து ஒரு கருத்தின் உருவமாகிவிடுகிறார்: வறட்சி, பொங்கல், கிராமம், பாரம்பரியம். பெயர் போன இடத்தை, வாசகர் மனத்தில் ஏற்கெனவே சேர்ந்துகிடக்கும் படங்கள் நிரப்பிக்கொள்கின்றன.

பெயர் இருந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. 2008 ஏப்ரல் 'வோக்' இதழ் அட்டையில் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸும் மாடல் அழகி ஜிசெல் புந்ச்செனும் தோன்றினர். எடுத்தவர் ஆனி லீபோவிட்ஸ். அமெரிக்க வோக் அட்டையில் இடம்பெற்ற முதல் கறுப்பின ஆண் லெப்ரான், உலகறிந்த பெயர். ஆனால் ஒரு கையில் பந்து, மறு கையில் வெள்ளைப் பெண், கர்ஜிக்கும் வாய் என்ற அந்த நிலை, 1917இல் அமெரிக்கப் படைக்கு ஆள் சேர்க்க வெளியான சுவரொட்டியைப் பலருக்கும் நினைவூட்டியது. அதில் ஒரு கொரில்லா ஒரு கையில் தடியும் மறு கையில் வெள்ளைப் பெண்ணுமாகக் கரையேறுகிறது. லெப்ரான் அந்த அட்டையில் குறை எதுவும் காணவில்லை. அதனால் வாசகர்களின் வாசிப்பு பொய்யாகிவிடாது. உடலின் நிலையும் ஒரு சொல். அதை முதலில் சொன்னவர் யார் என்பது படத்துக்குள் தங்கிவிடுகிறது.

தஞ்சையில் அதை முதலில் சொன்னவர்கள் ஓவியர்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காகத் தஞ்சாவூரில் வரையப்பட்ட சாதி, தொழில் ஓவியத் தொகுப்புகள் இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் உள்ளன. பெரும்பாலும் ஓர் ஆண், ஒரு பெண், கையில் தொழிற்கருவி, பின்னணியில் பெயருக்குக் கொஞ்சம் தரையும் வானமும், கீழே சாதியின் பெயர். அந்த இருவரின் பெயர் இராது. வாங்கியவர் ஊர் திரும்பும்போது இந்நாட்டு மக்களை ஏட்டில் அடுக்கி எடுத்துச் செல்லலாம். திருச்சிராப்பள்ளி இதே வகைப் படங்களை மைக்காத் தகட்டில் வரைவதற்குப் பேர்போனது. மைக்காத் தொகுப்புகள் சிலவற்றில் ஒரு அட்டையில் ஒரே ஒரு முகம் வரையப்பட்டிருக்கும். முகமில்லாத உடைகள் வரையப்பட்ட ஒளிபுகும் தகடுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தால், அந்த ஒரே முகம் சேவகனாகும், குடியானவனாகும், பண்டாரமாகும். வார்ப்புப் பிம்பம் என்பது எப்படி இயங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இதே தஞ்சையில் இதற்கு நேர்மாறான மரபும் இருந்தது. 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்வெட்டு, இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய, கோயில் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒருவர் விடாமல் குறிக்கிறது. பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, அவருக்குரிய பங்கு என்று எல்லாம் கல்லில் இருக்கின்றன. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அரசாணைக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கைதான். அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும் கல்வெட்டில் தனி மனுஷியாக நின்றவர், கம்பெனி ஓவியத்திலும் பின்னர் வந்த அஞ்சலட்டையிலும் வெறும் 'நாட்டியக்காரி' ஆகிவிட்டார்.

புகைப்படம் வந்தபோது முதலில் மனிதர்களைத் தவிர்த்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் வெளியிட்ட தஞ்சைத் தொகுப்பில் கோயில் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, ஆள் நடமாட்டம் மிக அரிது. விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீண்ட காட்சியாக்கினார். எழுத்துக்குக் கிடைத்த அந்தப் பொறுமை மக்களுக்குக் கிடைக்கவில்லை. மக்கள் வந்தது அளவுகோலோடுதான். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்தார், படமெடுத்தார், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். முன்பு கைக்கருவி சாதியைக் காட்டியது. இப்போது உடலே காட்டும் என்றாயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் சாதி, இனமல்ல, அமெரிக்க அளவுகோலை நம் ஊரில் வைக்கலாமா? நியாயமான கேள்வி. சாதியை இனமாக விளக்கும் கோட்பாட்டை அம்பேத்கரே மறுத்தார். பிராமணரும் தீண்டாதாரும் வேறு இனத்தவர் அல்லர் என்பதற்கு அந்த மூக்களவுகளையே சான்றாக எடுத்தாண்டார். சாதி இனமல்ல என்பதில் ஐயமில்லை. ஆனால் சாதியை உடலில் படிக்கும் பழக்கம், அதாவது நிறத்தைப் பார்த்து ஒருவரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் பழக்கம், இன அறிவியலின் கருவிகளைக் கடன்வாங்கி வலுப்பெற்றது. அட்டைப்படம் கையாள்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

தமிழ் வார இதழ்களின் பொங்கல் சிறப்பிதழ் அட்டையை எடுத்துக்கொள்வோம். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, பட்டுப் புடவை. நடுவில் நிற்பவர் பெரும்பாலும் வெளுத்த நிறமுள்ள நடிகை. அறுவடைத் திருநாளின் அட்டையில் அறுத்தவர் இல்லை. கறுத்த கடவுளான கண்ணனையே வெண்ணிறக் குழந்தையாகத் தீட்டிய படங்கள் தஞ்சாவூர் ஓவியத்தில் ஏராளம் என்பதால், வெளுப்பாக்கும் வேலையை அழகு கிரீம் நிறுவனங்கள் தொடங்கிவைத்தன என்று சொல்ல முடியாது. 2017 இறுதியில் சென்னையில் பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நிலும் கறுத்த நிறமுள்ள இளைஞர்களை லட்சுமியாகவும் முருகனாகவும் படமெடுத்தபோது அது நாடெங்கும் பேசப்பட்டது. செப்புத் திருமேனிகளின் நாட்டில் அது செய்தியானதே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதைச் சொல்லும்.

கறுத்த உடலும் இதழ்களில் வராமல் இல்லை. அது வரும் விதம்தான் நடவுப் படம். டெல்டாவைப் பற்றிய எந்தக் கட்டுரைக்கும் இந்தப் படம் தவறாது: பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள், முதுகுகள், பச்சை முடிகள், சேற்று நீரில் வானம். முகம் தெரியாது. அழகான படம் என்று எல்லோரும் சொல்வோம். எனக்குள்ள கேள்வி, அதை எடுத்தவர் எங்கே நின்றார் என்பது. அவர் வரப்பில் நின்றார். காலில் சேறு படவில்லை. லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. நடுகிறவர்கள் பின்னோக்கி நகர்ந்து அவரை நோக்கி முதுகாகவே வருகிறார்கள். டெல்டாவின் நிலவுடைமை வரலாற்றில் அந்த இடம் யாருடையது என்பது ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும். மிராசுதாரோ அவருடைய காரியக்காரரோ குடை பிடித்து நின்று, நடவாட்களை மேற்பார்த்த இடம் அது. 1952இல் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னும், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்ட பின்னும், கேமரா அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை. புகைப்படக்காரருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இருந்திருக்காது. வசதியாக நிற்க அங்கேதான் இடம் இருந்தது. மேற்பார்வையின் கோணம் அழகின் கோணமாக மாறியது இப்படித்தான்.

இந்தப் படம் இழிவு செய்யவில்லை, போற்றுகிறது என்பார்கள். போற்றும் படம் இன்னும் ஆழமாக மறைக்கும். 'விவசாயி' என்று அட்டையில் எழுதி ஏர்பிடித்த ஆணை நிறுத்தும்போது, 30 வேலி வைத்திருந்தவரும் குத்தகைக்காரரும் ஒரு குழி நிலமும் இல்லாத கூலியாளும் ஒரே உருவத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். நட்டவளோ விவசாயி என்ற சொல்லுக்குள்ளேயே வருவதில்லை, அவள் பின்னணி.

தாங்களே தங்கள் படத்தை வடிவமைத்துக்கொண்டவர்களும் உண்டு. 2016 வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மார்ச் 14 அன்று விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். பயிர்க்கடன் தள்ளுபடி, 40,000 கோடி ரூபாய் வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் ஆகியவை கோரிக்கைகள். கோவணமும் வெற்றுடம்புமாக, கழுத்தில் மண்டை ஓடுகள், வாயில் எலி. அவற்றைத் தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளின் மண்டை ஓடுகள் என்றார்கள். படங்கள் உலகெங்கும் போயின. கேமரா எதைத் தேடும் என்பதை அவர்கள் சரியாகக் கணித்திருந்தார்கள். பட்டினியின் வார்ப்புப் பிம்பத்தைக் கையிலெடுத்து அதை வைத்தே பேசப் பார்த்தார்கள்.

ஆனால் அந்த உடல்களை வட இந்தியக் கண் எந்தப் பட வரிசையில் வைத்தது? அந்த வாரங்களிலேயே விடை வந்தது. கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டதை ஒட்டி ஏப்ரலில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் தருண் விஜய், இந்தியர்கள் இனவெறியர்கள் என்றால் தென்னாட்டவரோடு எப்படி வாழ்வோம், எங்களைச் சுற்றிக் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்ற பொருளில் பேசினார். பின்னர் மன்னிப்புக் கேட்டார். திருக்குறளை வடக்கே பரப்புவதில் முனைப்புக் காட்டியவர் அவர். ஆகவே இது வெறுப்பிலிருந்து வந்த பேச்சு அல்ல. பேசியவர் அறியாமலே ஒரு வரிசை அவருக்குள் இருந்தது. அதே ஏப்ரலில் டெல்லித் தெருவில் வெற்றுடம்போடு இருந்த தமிழர்களை அந்த வரிசையோடு சேர்த்துப் பார்க்காமல் அப்படங்களை வாசிக்க என்னால் முடியவில்லை. மண்டை ஓடும் எலியும் விசித்திரமாக நினைவில் நின்றன. நிவாரணக் கணக்கும் காவிரி வாரியமும் படத்துக்கு வெளியே நின்றன. ஏப்ரல் 23 அன்று போராட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

இதோடு முடித்தால் வசதியாக இருக்கும்: நம்மைப் பிறர் தவறாகப் பார்த்தார்கள் என்று. ஆனால் அண்மை ஆண்டுகளில் டெல்டா வயல்களில் நடவு நடுகிறவர்கள் பலர் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். தமிழ் இதழ்கள் அவர்களைப் படமெடுக்கின்றன. அதே வரப்பு, அதே கோணம், குனிந்த முதுகுகள், இம்முறை ஆண்கள். கீழே 'வடமாநிலத் தொழிலாளர்கள்' என்ற ஒற்றைக் குறிப்பு, கம்பெனி ஓவியத்தின் அடியில் இருந்த சாதிப் பெயர் செய்த அதே வேலையைச் செய்கிறது. முர்ஷிதாபாத்திலிருந்து வந்தவரும் சம்பாரணிலிருந்து வந்தவரும் மைக்காத் தகட்டின் ஒரே முகமாகிவிடுகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. வேறெங்கோ எடுக்கப்பட்ட காட்சிகளில் தங்கள் ஊர்க்காரர்களைப் பீகாரில் உள்ளோர் கண்டுகொள்ள முடிந்தது, அவர்களுக்கென்று தனி முகம் காட்டும் படங்கள் அதுவரை வந்திராததாலும்தான் என்று கருதுகிறேன்.

'நேஷனல் ஜியாக்ரபிக்' 2018 ஏப்ரலில் தன் பழைய இதழ்களை வரலாற்றாய்வாளர் ஜான் எட்வின் மேசனிடம் ஒப்படைத்துத் தணிக்கை செய்யச் சொன்னதை வெளிப்படையாக எழுதியது. இதழின் பழைய செய்தியளிப்பு இனவாதத் தன்மை கொண்டது என்று ஆசிரியர் சூசன் கோல்ட்பெர்க் ஒப்புக்கொண்டார். அந்த ஆய்வைத் தமிழிலும் தொடங்க இடமிருக்கிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்கள் உள்ளன. பொங்கல் சிறப்பிதழ்களிலிருந்து தொடங்கலாம். அட்டையில் யார் என்று மட்டும் எண்ணாமல், உள்ளே நடவுப் படங்கள் எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டன, எத்தனை படங்களில் நடுகிறவரின் முகம் தெரிகிறது, எத்தனையில் அவர் பெயர் அச்சாகியிருக்கிறது, வரப்பில் நின்றவரின் பெயர் அதே பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படங்களில் நடுகிறவர்களில் இன்னும் இருப்பவர்களைத் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களில் தேடிப்போய், படத்தைக் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்வது அடுத்த வேலை. அதற்கு அதிகக் காலம் மிச்சமில்லை.