ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லி? எந்தக் கிலோ?

‘ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லி காற்று.’ வெண்டிலேட்டரை இயக்குவோர் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கையாண்டுவரும் தொடர் இது. மொழி நோக்கில் பார்த்தால் இதில் ஓர் இடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது. எடை என்பது தராசு காட்டும் எடையா, உயரத்துக்கு ஏற்பக் கணிக்கப்பட்ட எடையா? மெலிந்தவரிடம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் கேள்விக்கு அவசியம் நேரவில்லை. பருமனான உடல் அறுவை மேசைக்கு வந்தபோதுதான் அந்த வெற்றிடம் ஆபத்தானது. கொழுப்பு கூடும்போது நுரையீரல் கூடவே வளர்வதில்லை.

தொடக்கத்தில் எண்ணே இல்லை. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சனின் யோசனைப்படி, ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து ரப்பர் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சளித்தனர். மார்பு உயர்வதே அளவுகோல். 1963இல் பாஸ்டனில் பென்டிக்சனும் உடனாய்வாளர்களும் வேறொன்றைக் கவனித்தனர்: மயக்கத்தில் சிறு மூச்சாகவே தொடர்ந்து கொடுத்தால் காற்றுப்பைகள் சுருங்கி, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. ஆழ்ந்த மூச்சு கொடுத்தால் அது மீள்கிறது. சரியான கவனிப்புதான். ஆனால் அதன் வழியே கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி என்ற வழக்கம் வேரூன்றிவிட்டது.

இதற்கிடையில் வயிற்றைத் திறக்காமல் உள்ளே காணும் கலை தனிவழியே வளர்ந்துகொண்டிருந்தது. 1901இல் ஜார்ஜ் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி உள்ளே பார்த்துக் காட்டினார். 1910இல் ஸ்டாக்ஹோமில் யாக்கோபேயஸ் அதை மனிதரிடம் செய்தார். 1924இல் சுவிட்சர்லாந்தின் சொல்லிகோஃபர் காற்றுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடைப் பரிந்துரைத்தார். 1985இல் ஜெர்மனியின் எரிக் மூஹே லேப்ராஸ்கோப் வழியே பித்தப்பையை அகற்றினார். 1990இல் மும்பையில் தெஹம்தன் உத்வாடியா அவ்வறுவையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நெடுங்காலம் உடற்பருமன் இம்முறைக்குத் தடையாகவே கருதப்பட்டது. 1994இல் சான் டியாகோவிலிருந்து விட்குரோவ் குழுவினர் லேப்ராஸ்கோப் வழி இரைப்பை மாற்றுவழி அறுவையை வெளியிட்ட பின் நிலைமை தலைகீழானது. தடையாக இருந்த பருமனே அறுவைக்குக் காரணமாயிற்று.

இரு வரலாறுகளும் இங்கே ஒரே மேசையில் சந்தித்தன. மயக்கத்தில் தளர்ந்த உதரவிதானத்தை வயிற்றுக் கொழுப்பு மேலே தள்ளுகிறது. 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நிரப்பப்பட்ட வாயு இன்னும் தள்ளுகிறது. நுரையீரலின் அடிப்பகுதிகள் மூடிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு அவ்வாயு இரத்தத்தில் கலப்பதால், அதை வெளியேற்றக் கூடுதல் சுவாசமும் தேவைப்படுகிறது. பெரிய உடலுக்குப் பெரிய மூச்சு என்று கை தானாகவே போகும் இடம் இதுதான்.

அந்தக் கையைத் தடுத்த சான்று அறுவை அரங்கிலிருந்து வரவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 861 பேரிடம் நடந்த ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லி பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினரும், 6 மில்லி பெற்றவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்தனர். அந்தக் கிலோ தராசின் கிலோ அல்ல, உயரத்திலிருந்து கணித்தது. அச்சூத்திரத்தின் பிறப்பும் வேடிக்கையானது. 1974இல் ஜென்டாமைசின் மருந்தின் அளவைக் கணிக்க டெவைன் தந்த எளிய விதியின் மறுவடிவமே அது: ஐந்தடி உயரமுள்ள ஆணுக்கு 50 கிலோ, பெண்ணுக்கு 45.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோ. மருந்துச் சீட்டுக்கான கணக்கு நுரையீரலின் அளவுகோலாயிற்று. ஐந்தடி என்பது 152.4 சென்டிமீட்டர். இந்தியப் பெண்களின் சராசரி உயரமும் ஏறக்குறைய அதுவே. அதாவது, அவ்விதி கணக்கைத் தொடங்கும் புள்ளிக்குக் கீழேதான் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நிற்கின்றனர்.

160 சென்டிமீட்டர் உயரமும் 120 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். தராசின்படி கிலோவுக்கு 10 மில்லி என்றால் ஒரு மூச்சு 1200 மில்லி. சூத்திரத்தின்படி அவருடைய எடை 52.4 கிலோ, கிலோவுக்கு 7 மில்லி என்றால் மூச்சு ஏறத்தாழ 367 மில்லிதான். ஒரே நுரையீரலுக்கு மூன்று மடங்குக்கும் மேலான வேறுபாடு. குள்ளமாகவும் பருமனாகவும் இருப்பவருக்கே பிழையின் சுமை மிகுதி.

2013இல் பிரான்சில் 400 பேரிடம் நடந்த வயிற்றறுவை ஆய்வு, சிறு மூச்சோடு மிதமான அழுத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது சிக்கல்கள் 27.5 விழுக்காட்டிலிருந்து 10.5 ஆகக் குறைந்ததைக் காட்டியது. மிகப் பருமனானவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கான ஆய்வு 2019இல் வெளியானது. 23 நாடுகளில், ஏறத்தாழ 2000 பேர். இரு குழுவினருக்கும் கணிக்கப்பட்ட எடையில் கிலோவுக்கு 7 மில்லியே. எந்தக் கிலோ என்ற வழக்கு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. முக்கியமாக வேறுபட்டது, மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலைத் திறந்து வைத்திருக்கும் அழுத்தம்: ஒரு குழுவுக்கு 12 சென்டிமீட்டர் நீர், மற்றதற்கு 4. அறுவைக்குப் பிந்தைய நுரையீரல் சிக்கல்கள் 21.3 விழுக்காடு, 23.6 விழுக்காடு. புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல. உயர் அழுத்தம் பெற்றவர்களுக்கு அறுவையின்போது ஆக்சிஜன் குறைவது அரிதாயிற்று. ஆனால் இரத்த அழுத்தம் சரிவது மிகுந்தது. எல்லோருக்கும் ஒரே எண் என்பதை விடுத்து, ஒவ்வொருவரின் நுரையீரலையும் மேசையிலேயே அளந்து அழுத்தத்தை முடிவு செய்யும் முயற்சிகள் இப்போது நடந்துவருகின்றன.