கயிறு பிடித்த கைகளும் முக்கோணக் கணக்கும்



முக்கோணவியல் என்றதும், "அதெல்லாம் பெரிய படிப்பு, நமக்கெதுக்கு வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்கக்கூடும். சற்றே பொறுங்கள். ஈஜோக்கிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ செம்பனங்காட்டில் ஒரு மரத்தடியில் நின்று பாருங்கள். மூன்று திசையிலும் மரங்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையாக நிற்கும். ஏனெனில் அவை முக்கோணமாக நடப்பட்டவை.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் கயிறு பிடித்து, முளைக்குச்சி அடித்தவர் என் தாத்தா. "மரத்துக்கு மரம் 30 அடி, வரிசைக்கு வரிசை 26 அடி. இது தப்புனா எல்லாமே தப்பு" என்பார். ஏன் 26 என்று கேட்டால், "தொரை சொன்ன கணக்குடா" என்பதோடு சரி.

அந்தக் கணக்கு இதுதான். மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தின் உயரம் வேண்டுமானால், பக்கத்தை 60 பாகையின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். அம்மதிப்பு 0.866. முப்பதைப் பெருக்கினால் 25.98, அதாவது 26 அடி! 30 அடிக்குச் சதுரமாக நட்டால் ஏக்கருக்கு 48 மரந்தான் நிற்கும். முக்கோணமாக நட்டால் 56 நிற்கும். மரத்துக்கு மரம் உள்ள இடைவெளியோ குறையாது.

இந்தச் 'சைன்' எங்கிருந்து வந்தது? வானத்து நட்சத்திரங்களை அளக்கக் கிரேக்க அறிஞர் ஹிப்பார்க்கஸ், கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டிலேயே வட்டத்தின் நாண்களைக் கணக்கிட்டார். நம் இந்தியாவின் ஆரியபட்டர் கி.பி. 499இல் முழு நாணை விட்டு அரை நாணை எடுத்துக்கொண்டு 24 மதிப்புகளைத் தந்தார். வில்லின் நாணுக்கு வடமொழியில் 'ஜ்யா', 'ஜீவா' என்று பெயர். அரபியர் அதை 'ஜிபா' என்று எழுதிக்கொண்டனர். பின்னர் லத்தீனில் பெயர்த்தவர்கள் அதை 'ஜைப்', அதாவது சட்டையின் மார்பு மடிப்பு, என்று தவறாகப் படித்து 'சைனஸ்' ஆக்கிவிட்டனர். அதுவே இன்றைய சைன். 1595இல் ஜெர்மானியரான பிட்டிஸ்கஸ் தம் நூலுக்கு 'திரிகோணமெத்ரி' என்று பெயரிட்டார். 1748இல் ஆய்லர் எழுதிய நூலே இதற்கு இன்று நாம் படிக்கும் வடிவத்தைத் தந்தது.

இனி, நம் முன்னோர் மண்ணுக்கு வருவோம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னை பரங்கிமலைக்கு அருகே, லாம்டன் என்ற ஆங்கிலேயர் சங்கிலி கொண்டு ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏழரை மைல். நாட்டை முழுதும் சங்கிலியால் அளக்க முடியுமா? ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படியே மேற்குக் கரையிலுள்ள மங்களூர்வரை போனார். 400 மைல் என்று வரைபடங்கள் காட்டிய அகலம், உண்மையில் 360 மைல்தான் என்று தெரிந்தது!

கோணத்தை அளந்த தியோடலைட் என்ற கருவியின் எடை அரை டன். நம் கோல சிலாங்கூர் கரையோரம்போல் தஞ்சையும் சமவெளி. ஏறி நின்று பார்க்க மலையில்லை. ஆகவே 1808இல் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் இருந்து அதைத் தாமே செப்பனிட்டார்.

லாம்டன் 1823இல் மறைந்தார். அவருக்குப்பின் எவரெஸ்ட் என்பவர் பணியை நடத்தினார். வங்காளியான ராதாநாத் சிக்தார் இமயத்தின் ஒரு சிகரத்துக்குக் கணக்குப் போட்டார். 1856இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. 2020இல் அறிவித்த அளவுக்கும் இதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 30 அடிதான். உச்சியில் யாருமே ஏறாத காலத்தில் போட்ட கணக்கு அது! ஆனால் சிகரத்துக்கு வைத்த பெயர் எவரெஸ்ட்.

சிக்தாரின் பெயராவது ஏட்டில் நின்றது. கருவியைச் சுமந்தவர், கயிறு இழுத்தவர், சங்கிலி பிடித்தவர் பெயர்கள் எங்கே? என் தாத்தா பெயரும் எந்தத் தோட்டத்து ஏட்டிலும் இல்லை. வேலையை நம்மவர் செய்தனர்; கணக்கோ வேறொருவர் கையில் இருந்தது. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை, பெற்றோர்களே, பாடமாகவே சொல்கிறேன்.

இங்கே ஆறாம் ஆண்டு முடிக்கும் நம் பிள்ளைகள், இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் சைன், கொசைன், தஞ்சென் பாடத்தைச் சந்திப்பார்கள். அன்று நானும் பயந்தேன். புத்தகத்தையே மூடி வைத்தேன். அந்த 26 அடிதான் இது என்று யாராவது சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

மாணவர்களே, இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடியுங்கள். 45 பாகை கிடைக்கும். அடி விளிம்பு மட்டமாக இருக்கும்படி கண்ணருகே பிடித்து, சாய்ந்த விளிம்பின் வழியே மரத்தின் உச்சி தெரியும்வரை பின்னால் நடங்கள். நின்ற இடத்திலிருந்து மரம்வரை உள்ள தூரத்தோடு உங்கள் கண்ணுயரத்தைக் கூட்டுங்கள். அதுதான் மரத்தின் உயரம்! அளக்கும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க அப்பாவையோ தாத்தாவையோ அழையுங்கள். கணக்கை நீங்கள் போட்டு அவருக்குச் சொல்லுங்கள்.

கயிறு பிடித்த கை தாழ்ந்ததன்று. அந்தக் கையின் பிள்ளை கணக்கையும் பிடிக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பிள்ளைகளின் கல்வி!