மின் ஸ்கேட்போர்டும் மின்வழங்கல் பழுதுகளும்: ஒரு வரலாறு

கலிஃபோர்னியாவில் 1975ஆம் ஆண்டில் அறிமுகமான மோட்டோபோர்டு என்னும் ஸ்கேட்போர்டு பெட்ரோலில் ஓடியது. அதன் இரைச்சலும் புகையும் பொறுக்க முடியாதவையாக இருந்ததால், மோட்டார் பொருத்திய சறுக்குப் பலகைகள் அனைத்தையும் சாலையிலும் நடைபாதையிலும் விலக்கும் சட்டம் அம்மாநிலத்தில் விரைவிலேயே வந்தது. பெட்ரோல் எஞ்சின் இரைச்சலானது என்றாலும், தன் நோயைத் தானே சொல்லிவிடக்கூடியது. எரிபொருள் குறைந்தால் திணறும், தீப்பொறி தவறினால் இருமும், எண்ணெய் எரிந்தால் புகையின் நிறம் மாறும். அதன் இடத்துக்கு வந்த மின்கலத்தில் இந்த அறிகுறிகள் எவையும் இல்லை. மின் ஸ்கேட்போர்டின் வரலாற்றை வேகத்தையும் தொலைவையும் கொண்டு எழுதுவதே வழக்கமாக இருப்பினும், ஓசையின்றி நின்றுவிடும் ஒரு பொறியில் பழுது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிய முயற்சியே அதன் வடிவமைப்பை உண்மையில் மாற்றிவந்தது.

கம்பியில்லாக் கைக்கருவியால் இயக்கப்படும் மின் ஸ்கேட்போர்டை லூயி ஃபிங்கிள் என்னும் கலிஃபோர்னியர் 1997இல் அறிமுகப்படுத்தி, 1999இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அக்காலப் பலகைகள் பெரும்பாலும் ஈய-அமில பேட்டரிகளையே நம்பியிருந்தன. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டையோ மூன்றையோ ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்து 24 அல்லது 36 வோல்ட் பெறுவது முறையாக இருந்தது. இவற்றின் எடையைப் பற்றிய குறைகூறல் அனைவரும் அறிந்ததே. அதைவிட நுட்பமான இடர் ஒன்றை வில்ஹெல்ம் பாய்கெர்ட் என்னும் ஜெர்மானியர் 1897இலேயே விளக்கியிருந்தார். ஈய-அமில பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எவ்வளவு விரைவாக உறிஞ்சுகிறோமோ, அதிலிருந்து கிடைக்கும் மொத்த அளவும் அவ்வளவு குறையும் என்பது அவர் கண்ட விதி. பேட்டரியின் மேல் அச்சிடப்படும் கொள்ளளவு வழக்கமாக 20 மணி நேரம் மெதுவாகச் செலவிட்டு அளக்கப்பட்டது. ஸ்கேட்போர்டோ அதை அரை மணியில் காலி செய்துவிடுவதால், அச்சிட்ட அளவில் பாதியே கிடைத்தாலும் அது பழுதன்று, பேட்டரியின் இயல்பே. இதை அறியாத உரிமையாளர் பலர் நல்ல பேட்டரியையே குறை கூறியிருக்கக் கூடும்.

உண்மையான பழுது வேறு வகையானது. மின்னேற்றம் தீர்ந்த நிலையில் ஈய-அமில பேட்டரியைப் பல வாரங்கள் கிடப்பில் போட்டால், அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியான படிகமாக உறைந்து, மின்னேற்றத்தை ஏற்காமல் போகும். வீட்டு இன்வெர்ட்டரைப் பராமரிக்காமல் விட்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று. இப்படிக் கெட்ட பேட்டரியைச் சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் மல்டிமீட்டரால் அளந்தால், ஏறத்தாழ 12.7 வோல்ட் என்னும் முழு அளவையே காட்டுவதும் உண்டு. ஆனால் பலகையில் ஆள் ஏறி நின்று மோட்டார் மின்னோட்டத்தை இழுத்த மறுகணம் அந்த அளவு சரிந்துவிடும். ஓய்விலுள்ள மின்னழுத்தம் மின்கலத்தின் வலிமைக்குச் சான்றாகாது என்ற பாடம் இந்தத் தலைமுறைப் பலகைகளிலிருந்தே கிடைத்தது.

சோனி நிறுவனம் 1991இல் வணிகப் பொருளாக்கிய லித்தியம்-அயான் மின்கலம் ஸ்கேட்போர்டுக்கு வந்து சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற சஞ்சய் தஸ்தூர், ஜான் உல்மென், மேத்யூ டிரான் ஆகிய மூவர் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக நிதி திரட்டித் தொடங்கிய பூஸ்டட், இந்த மாற்றத்தின் அடையாளமாக அமைந்தது. பொம்மை விமானங்களுக்காக உருவான, தேய்ந்துபோகும் கார்பன் தூரிகைகள் இல்லாத சிறிய மோட்டார்களைத் தனியாகப் பலகை கட்டுவோர் ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். பூஸ்டட்டின் முதல் தலைமுறைப் பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுசெல்லத்தக்க 100 வாட்-மணி வரம்புக்குச் சற்றே கீழாக, 99 வாட்-மணியில் அது நிறுத்தப்பட்டது. அந்த வகைக் கலத்துக்கு எளிதில் தீப்பற்றாத நற்குணம் உண்டு. எனினும் மின்னேற்றம் பெரும்பகுதி தீரும்வரை அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்று, இறுதியில் திடீரென விழுவதால், எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை வோல்ட்டைப் பார்த்துக் கணிப்பது கடினம்.

பிற லித்தியம் வகைகளில் இடர் மறுபுறம் திரும்பியது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதால் 18650 என்று பெயர்பெற்ற கலங்களை, பத்துத் தொடராகவும் ஒவ்வொரு படியிலும் இரண்டு இணையாகவும் அடுக்கிய பேட்டரி முழுமையாக நிறைந்தால் 42 வோல்ட் இருக்கும். ஒவ்வொரு கலத்துக்கும் உள்ளேயே ஒரு மின்தடை உண்டு, அது 0.05 ஓம் எனக் கொண்டால் முழு அடுக்கின் அக மின்தடை 0.25 ஓம் ஆகும். மேட்டில் ஏறும் பலகை 20 ஆம்பியர் இழுக்கும்போது, ஓய்வில் 35 வோல்ட் காட்டிய அடுக்கு 30 வோல்ட்டுக்கு இறங்கும். கலங்கள் முதுமையடைந்து தடை இரட்டித்துவிட்டால் அதே மேட்டில் 25 வோல்ட்டாகிவிடும். குளிரும் இத்தடையை உயர்த்தும். சமதரையில் நன்றாக ஓடி, மேட்டில் மட்டும் அணைந்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் உயிர்பெறும் பலகையில் முதலில் ஐயுற வேண்டியது இதையே.

அணைத்துவிடுவது யார் என்பதே அடுத்த கேள்வி. லித்தியம் கலங்கள் வரம்புக்கு மேல் நிறைந்தாலும் கீழே வடிந்தாலும் ஆபத்தானவை ஆகையால், ஒவ்வொரு கலத்தொகுதியின் மின்னழுத்தத்தையும் கண்காணித்து, ஒன்று எல்லை மீறினாலும் இணைப்பைத் துண்டிக்கும் பி.எம்.எஸ். எனப்படும் மேலாண்மைச் சுற்று பேட்டரியோடு சேர்க்கப்பட்டது. பேட்டரியைக் காப்பது மட்டுமே அதன் கடமை. மேலே நிற்பவர் விழுவாரா என்பது அதன் கணக்கில் இல்லை. முழுமையாக மின்னேற்றிய பலகையில் சரிவில் இறங்குவோர் பிரேக் பிடிக்கும்போது, மோட்டார் மின்னாக்கியாக மாறி ஆற்றலைத் திருப்பி அனுப்ப, நிறைந்த கலங்கள் எல்லையைக் கடக்க, காப்புச் சுற்று துண்டிக்க, பிரேக்கே இல்லாமல் போகும் நிலை உண்டாயிற்று. நிறைந்த பேட்டரியோடு மலையுச்சியிலிருந்து புறப்படக் கூடாது என்னும் எச்சரிக்கை பயனர் கையேடுகளில் இடம்பெற்றது இதனாலேயே.

மின்னோட்டம் இப்படித் திடீரெனத் துண்டிக்கப்படுவதற்குத் தக்க விடை ஒன்று பெருநிறுவனங்களுக்கு வெளியிலிருந்து வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர், வெஸ்க் என்னும் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவியின் வரைபடத்தையும் மென்பொருளையும் 2015 அளவில் எவரும் பயன்படுத்துமாறு திறந்துவிட்டார். அதில் கீழ்வரம்பாக ஒன்றல்ல, இரண்டு மின்னழுத்தங்களைக் குறிக்கலாம்: முதலாவதைத் தொட்டதும் மின்னோட்டம் படிப்படியாகக் குறையத் தொடங்கும், இரண்டாவதில் முற்றிலும் நிற்கும். பலகை சோர்வதைக் காலால் உணர்ந்து இறங்கிக்கொள்ள இந்த இடைவெளி போதும். இதை நம்பிப் பலர் மோட்டாருக்குச் செல்லும் பாதையில் பி.எம்.எஸ்ஸை விலக்கி, மின்னேற்றத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டனர். ஆயினும் மின்னேற்றும் வேளையைத் தவிர மற்ற நேரங்களில் தனிக் கலத்தொகுதிகளின் சரிவைத் தடுப்பார் எவருமில்லை என்ற குறை இம்முறையில் இருந்தது.

இதே காலத்தில், ஹோவர்போர்டு என்ற பெயரில் விற்கப்பட்ட இருசக்கரச் சமநிலைப் பலகைகள் தீப்பற்றியதால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்பப் பெறச் செய்தது, அவற்றுக்கான யு.எல். 2272 என்னும் மின்பாதுகாப்புத் தரம் பின்னர் ஸ்கேட்போர்டுக்கும் விரிந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் கலிஃபோர்னியா தன் பழைய தடையைத் தளர்த்தி, மின் பலகைகளுக்கு வழிவிட்டிருந்தது.

பட்டறையில் காணும் பழுதுகள் பலவற்றுக்கு வேதியியல் காரணமே இல்லை. வளைந்துகொடுக்கும் பலகை சாலையின் ஒவ்வொரு பிளவிலும் அதிரும்போது, கலங்களை இணைக்கும் மெல்லிய நிக்கல் பட்டைகள் பற்றவைத்த இடத்தில் விரிசலுறும். ஓய்வில் அளந்தால் தொடர்பு இருக்கும், அதிரும்போது அறுபடும். கட்டுப்பாட்டுக் கருவியின் மின்தேக்கிகள் இணைத்த கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தால் இணைப்பியில் தீப்பொறி எழுந்து, தொடுமுனைகள் கருகும். சார்ஜரைச் செருகியவுடனே பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று கொள்வது பரவலான பிழை. மின்னோட்டம் பாயவில்லை என்பதே அவ்விளக்கின் பொருள், அதற்கு அறுந்த கம்பியும் துண்டித்த பி.எம்.எஸ்ஸும்கூடக் காரணமாகலாம்.

பூஸ்டட் 2020 மார்ச்சில் ஊழியரில் பெரும்பகுதியினரை விடுவித்து முடங்கியபோது, அதன் பிந்தைய தலைமுறைப் பேட்டரிகளில் பழுதைப் பதிந்துகொண்டு தானாகப் பூட்டிக்கொள்ளும் காப்புச் சுற்றைத் திறந்து தர யாருமில்லாமல் போயிற்று. உள்ளே கலங்கள் நலமாக இருந்தும் பெட்டி பயனற்றதாயிற்று. ஆகவே இன்று பலகை வாங்குவோர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு கலத்தொகுதியின் மின்னழுத்தத்தையும் ஓட்டத்தின்போதே பார்க்க இயலுமா, காப்புச் சுற்று பூட்டிக்கொண்டால் அதை விடுவிக்கும் வழி உரிமையாளரிடம் உண்டா என்ற இரண்டையும் விற்பவரிடம் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.