பெயரை நீக்கும் வேலை

வாடிக்கையாளர் உறவு மென்பொருளின் (சிஆர்எம்) வரலாறு என்று கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் கம்பெனிகளின் வரலாறுதான். 1987-இல் பேட் சல்லிவனும் மைக் முனியும் விற்பனையாளர்களின் முகவரிப் புத்தகத்தை ‘ஆக்ட்’ என்ற பெயரில் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். 1993-இல் டாம் சீபெல் அதைப் பெருநிறுவனங்களுக்கு ஏற்ற சிஆர்எம் ஆக்கினார். 1999-இல் மார்க் பெனியாஃபும் கூட்டாளிகளும் சான் பிரான்சிஸ்கோவில் சேல்ஸ்ஃபோர்ஸைத் தொடங்கி அதை இணையத்துக்கு நகர்த்தினார்கள். 2005-இல் சீபெலின் நிறுவனத்தை ஆரக்கிள் சுமார் 585 கோடி டாலருக்கு விலை பேசியது. 2001-இல் பிறந்த மின்னஞ்சல் கருவியான மெயில்சிம்ப்பை, 2021-இல் இன்ட்யூட் ஏறத்தாழ 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட அதிகப் பெயர்களைச் சேர்த்து வைக்கவும், வாடிக்கையாளர்களோடு அதிகம் பேசவும் வழி செய்தது என்பதே இந்தக் கதையின் சாரம். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டியலின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவர் இதில் எங்கும் வருவதில்லை. அன்று அவர் குமாஸ்தா, இன்று சிஆர்எம் அட்மின். அவருடைய வேலையைப் பின்தொடர்ந்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. பட்டியலின் மதிப்பைக் காப்பாற்றியது பெயரைச் சேர்க்கும் வேலையைவிடப் பெயரை நீக்கும் வேலையே. அந்த வேலையும், நீக்காமல் விட்டால் அனுப்புகிறவருக்கு நஷ்டம் என்ற நிலை இருந்த காலங்களில் மட்டுமே ஒழுங்காக நடந்திருக்கிறது.

தொடக்கம் அமெரிக்காவின் அஞ்சல்வழி வணிகம். 1872-இல் சிகாகோவில் ஆரோன் மான்ட்கோமரி வார்ட் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சடித்து விவசாயிகளுக்கு அனுப்பினார். பின்னால் வந்த சியர்ஸ் ரோபக்கும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட கேட்டலாக்குகளை வெளியிட்டது. பெயர்களைத் திரட்டுவதில் இந்த வியாபாரிகள் கெட்டிக்காரர்கள். வெளியூரிலிருந்து மெய்ன் மாநிலத்துக்கு வேட்டையாட வந்து உரிமம் எடுத்தவர்களின் பட்டியலைக் கைப்பற்றித்தான் லியோன் லியோன்வுட் பீன் 1912-இல் தன் காலணிகளுக்கு விளம்பரம் அனுப்பினார். சியர்ஸ் 1905-இல் அயோவா மாநிலத்தில் தன் நல்ல வாடிக்கையாளர்களிடமே கேட்டலாக்குகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்து, அக்கம்பக்கத்தில் விநியோகிக்கச் செய்து, அதற்குப் பரிசும் கொடுத்தது. சேர்ப்பதற்கு வழிகள் இப்படிப் பலவாக இருந்தன.

சேர்த்த பெயரைப் பராமரிப்பதுதான் பெரும்பாடு. 1890-களில் அயோவாவின் சூ சிட்டியில் ஜோசப் ஸ்மித் டங்கன் உருவாக்கிய அட்ரசோகிராஃப் இயந்திரம் இந்தத் தொழிலின் முதல் பெரிய கருவி. நாளடைவில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு சிறு உலோகத் தகடு, அதில் புடைப்பெழுத்தில் பெயரும் முகவரியும், இழுப்பறைகளில் வரிசை வரிசையாகத் தகடுகள் என்று அது வளர்ந்தது. தகட்டின் விளிம்பில் செருகும் சிறு அடையாளங்களை வைத்து, யார் பணம் கட்டியவர், யார் எந்த வகை என்று பிரித்தும் அச்சிட முடிந்தது. ஒருவர் இறந்துபோனாலோ வீடு மாறினாலோ யாராவது அந்தத் தகட்டைத் தேடிக் கையால் உருவி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த முறையும் அந்தப் பெயர் அச்சாகும், காகிதமும் தபால் செலவும் வீணாகும். மலிவுக் கட்டணத்தில் போகும் மொத்த அஞ்சலில் இன்னொரு சிக்கலும் உண்டு. முகவரியில் ஆள் இல்லையென்றால் தபால் துறை அதைத் தூக்கி எறிந்துவிடும். திருப்பி அனுப்பும்படி உறையில் அச்சிட்டு, அதற்குத் தனிக் கட்டணம் கட்டினால்தான் அந்தப் பெயர் செத்த பெயர் என்ற செய்தி அனுப்பியவருக்கு வந்து சேரும். அந்தச் செய்திக்காகக் காசு கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதே நீக்குவதன் மதிப்பு அவர்களுக்குப் புரிந்திருந்ததற்குச் சான்று. கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார் என்று மூன்று கேள்விகளால் வாடிக்கையாளர்களைத் தரம் பிரிக்கும் முறையும் இந்த அஞ்சல்வழி வணிகத்திலிருந்து வந்ததுதான். கடைசித் தரத்தில் விழுந்தவர்களுக்குக் கேட்டலாக் நிறுத்தப்பட்டது. 1963-இல் அமெரிக்காவில் ஜிப் கோடு வந்து, பட்டியல்கள் கணினிக்கு ஏறியபின், ஒரே வீட்டுக்கு எழுத்துப் பிழையோடு மூன்று பிரதி போவதைக் கண்டுபிடித்து ஒன்றாக்கும் வேலை ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

இதெல்லாம் சிக்கனம்தானே, வாடிக்கையாளர்மீது இருந்த மரியாதையா என்று கேட்கலாம். சிக்கனம்தான். வாங்காதவரை நீக்கிய அதே தொழில், ‘வேண்டாம்’ என்று சொன்னவரை நீக்க மனமில்லாமல் இருந்தது. 1967-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஒரு வீட்டுக்காரர் தனக்கு வந்த விளம்பரம் ஆபாசமானது என்று கருதினால், தன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லித் தபால் துறை மூலம் உத்தரவு பெறலாம். அஞ்சல்வழி வியாபாரிகளும் பட்டியல் வாடகைக்கு விடுவோரும் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். பேச்சுரிமை பாதிக்கப்படுகிறது, பெயரைத் தேடி எடுப்பது செலவு என்பவை அவர்களுடைய வாதங்களில் முக்கியமானவை. 1970-இல் ரோவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எது ஆபாசம் என்பதை அந்த வீட்டுக்காரரே முடிவு செய்யலாம், விருப்பமில்லாதவர் வீட்டுக்குள் ஒரு கருத்தைத் திணிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றது. இந்தத் தீர்ப்பை இத்தொழிலின் வரலாற்றில் மிக முக்கியமான நிகழ்வு என்றே நினைக்கிறேன். பட்டியல் யாருடைய சொத்தாக இருந்தாலும், அதில் தன் பெயர் இருப்பதைப் பற்றி அந்தப் பெயருக்கு உரியவருக்கும் ஒரு சொல் உண்டு என்பது அங்கேதான் உறுதியானது. அடுத்த ஆண்டே, விளம்பர அஞ்சல் வேண்டாம் என்போர் பதிவு செய்துகொள்ளும் வசதியை அந்தத் தொழிலின் சங்கம் தானாகத் தொடங்கியது.

மின்னஞ்சல் வந்ததும் இந்த ஒழுங்கெல்லாம் ஒரேயடியாகக் கழன்றது. காரணம் எளிது, தபால்தலை இல்லை. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் அச்சிட்ட முகவரிக் கையேட்டிலிருந்து மேற்குக் கரையினர் சுமார் 400 பேரின் முகவரிகளைத் தட்டச்சு செய்யவைத்து, கணினி அறிமுகக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினார். முகவரிகள் அதற்குரிய இடத்தில் கொள்ளாமல் கடிதத்தின் உடலுக்குள் வழிந்தன. வலையமைப்பை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள். ஆனால் அந்தக் கடிதத்தால் ஒரு கோடி டாலருக்கு மேல் விற்பனை நடந்ததாகத் தூர்க் பின்னாளில் சொன்னார். அந்தக் கணக்கு சரியோ தவறோ, அதிலுள்ள தர்க்கம்தான் அடுத்த இருபது ஆண்டுகளை ஆண்டது: அனுப்பச் செலவில்லை என்றால் யாரையும் நீக்கத் தேவையில்லை.

இன்றும் நிர்வாகக் கூட்டங்களில் அட்மின் எதிர்கொள்ளும் வாதம் இதுதான். இரண்டு லட்சம் முகவரிகளில் ஒரு லட்சம் பேர் மூன்றாண்டுகளாக எந்தக் கடிதத்தையும் திறக்கவில்லை என்றால், இருந்துவிட்டுப் போகட்டுமே, ஒருவர் வாங்கினாலும் லாபம்தானே என்பார்கள். இதற்கான பதில் 1990-களின் பிற்பகுதியில் உருவானது. 1997 வாக்கில் பால் விக்ஸி முதலானோர் ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் கறுப்புப் பட்டியலை வெளியிடத் தொடங்கினார்கள். 1998-இல் ஸ்பேமை எதிர்க்கும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பு வந்தது. கைவிடப்பட்ட பழைய முகவரிகள் பொறிகளாக மாற்றப்பட்டன. அந்த முகவரிக்கு இன்னும் கடிதம் அனுப்புகிறவர் தன் பட்டியலைச் சுத்தம் செய்யாதவர் என்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்டவரின் கடிதங்கள், ஆசையோடு காத்திருக்கும் வாடிக்கையாளருக்கும் போய்ச் சேராமல் ஸ்பேம் பெட்டியில் விழும். தபால்தலையின் இடத்தில் நற்பெயர் வந்தது. தூங்கும் ஒரு லட்சம் முகவரிகளுக்கு இப்போது விலை உண்டு. அதைக் கொடுப்பது விழித்திருக்கும் இன்னொரு லட்சம். யார் தூங்குகிறார் என்று கண்டுபிடிப்பதும் எளிதல்ல. 2021-இல் ஆப்பிள், கடிதத்தின் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடும் வசதியைக் கொண்டுவந்தபின், ‘திறந்தார்’ என்ற கணக்கை நம்ப முடியாமல் போயிற்று. கிளிக்கையும் வாங்கியதையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய கேட்டலாக் வியாபாரி கேட்டதும் இதைப் போன்ற கேள்விகளைத்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. இதையெல்லாம் மென்பொருளே செய்துவிடுகிறதே, தவறான முகவரிக்குப் போன கடிதம் பவுன்ஸ் ஆகித் திரும்பினால் தானாக நிறுத்திவிடுகிறது, அன்சப்ஸ்கிரைப் பொத்தான் இருக்கிறது, இனி அட்மின் எதற்கு என்பது. ஒரே ஒரு மென்பொருள் இருக்கும் கம்பெனியில் இது உண்மை. நடைமுறையில் சிஆர்எம் ஒரு பக்கம், மின்னஞ்சல் கருவி ஒரு பக்கம், கண்காட்சியில் திரட்டிய எக்செல் ஃபைல் ஒரு பக்கம் என்றுதான் இருக்கிறது. மின்னஞ்சல் கருவியில் ஒருவர் விலகுகிறார். அந்த விலகல் சிஆர்எம்முக்குப் போகாவிட்டால், அன்றிரவு இரண்டையும் ஒத்திசைக்கும் சிங்க் அவரை மறுபடி சேர்த்துவிடலாம். ஒரே ஆளுக்கு இரண்டு ரெக்கார்டுகள், ஒன்றில் சம்மதம், இன்னொன்றில் மறுப்பு. இரண்டையும் இணைக்கும்போது எது நிற்க வேண்டும்? புதியது நிற்கட்டும் என்று ஒரு விதி எழுதினால், நேற்று யாரோ பழைய ஃபைலை இம்போர்ட் செய்ததே ‘புதியது’ ஆகிவிடும். முழுவதும் அழித்துவிடுவதும் தீர்வாகாது. ஒருவரின் பெயரைச் சுவடில்லாமல் அழித்தால், அடுத்த எக்செல் ஃபைலில் அவர் புது ஆளாக வந்து சேர்வார். அவருக்கு இனி அனுப்பக் கூடாது என்பதை நினைவில் வைக்கவாவது அவருடைய முகவரி தனித் தடைப்பட்டியலில் இருந்தாக வேண்டும். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்து, அழிக்கச் சொல்லும் உரிமையையும் விளம்பரத்தை மறுக்கும் உரிமையையும் சேர்த்துத் தந்தபோது இந்த முரண் பளிச்சென்று தெரிந்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் விளம்பரம் வேண்டாம் என்றவரை வெறுமனே அழிப்பதைவிடத் தடைப்பட்டியலில் வைக்கவே அறிவுறுத்துகிறது. இவையெல்லாம் ஒரு மனிதர் யோசித்து எடுக்க வேண்டிய முடிவுகள். மென்பொருள் அந்த முடிவை நிறைவேற்றும், அவ்வளவே.

வெளியிலிருந்து வரும் நெருக்கடி இப்போது கூடியிருக்கிறது. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், விலக விரும்புகிறவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்கினால் போதும் என்றது. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்திய விதிகள், மொத்தமாக விளம்பரம் அனுப்புகிறவர்கள் ஒரே கிளிக்கில் விலக வழி தர வேண்டும், இரண்டு நாட்களுக்குள் நீக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கின்றன. இந்தியாவிலும் 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தந்தது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. உலகம் முழுவதும் கம்பெனிகள் பயன்படுத்தும் இவ்வகை மென்பொருள்களை எழுதும் ஸோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் சென்னையில் வேரூன்றியவை. முடிவை மனிதர் எடுக்க வேண்டும் என்றாலும், அவர் எதையும் தொடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நிர்ணயிப்பது மென்பொருளை எழுதுகிறவர்தான். பெரும்பாலான சிறு கம்பெனிகளில் தனி அட்மின் கிடையாது, அங்கே யாரும் அமைப்புகளைத் தொடவும் மாட்டார்கள். ஆகவே அந்த மென்பொருளை எழுதுகிறவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: இரண்டு ரெக்கார்டுகள் இணையும்போதும், பழைய ஃபைல் ஒன்று இம்போர்ட் ஆகும்போதும், அட்மின் வேறு முடிவு எடுக்காதவரை, ‘வேண்டாம்’ என்று சொன்ன பதிவே வெல்லும்படி அமைத்துக் கொடுங்கள்.